தேரையின் ஈரக்குலை

1993ஆம் ஆண்டு, மலேசியாவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் சேர்ந்த சில மாதங்களில், எங்கள் உயிரியல் ஆசிரியை அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் இருவருக்கு ஒன்று என்ற கணக்கில் தவளையோ தேரையோ கொண்டுவர வேண்டும் என்றார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தையில், கம்பிக் கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பெரிய தவளைகளைச் சீன வியாபாரிகளிடம் விலைக்கு வாங்கிவிட்டார்கள்; அவை கஞ்சியில் போடுவதற்காக விற்கப்படுபவை. எனக்கும் என் தோழிக்கும் அந்தக் காசு இல்லை. ஞாயிறு மாலை நல்ல மழை பெய்து ஓய்ந்தபின், அண்ணன் ஒரு வாளியையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறச் சாக்கடையோரம் போனார். விளக்குக் கம்பத்தின் அடியில், சிறகு உதிர்ந்து விழும் ஈசல்களுக்கு வாய் திறந்து காத்திருந்த ஒரு தடித்த தேரை, ஓடக்கூட முயலாமல், அவர் கைக்குள் வந்து சேர்ந்தது.

அதை வீட்டுக்குள் கொண்டுவர ஆத்தா விடவில்லை. தேரை மோந்தால் தேங்காய்க்குள் பருப்பு இருக்காது, தேரை விழுந்த பிள்ளை தேறாது என்று வாசலிலேயே தடுத்துவிட்டார். அதனால் இரண்டு இரவுகள் அது மாடிப்படிக்குக் கீழே, கவிழ்த்த வாளிக்குள் இருந்தது. மலாய்க்காரர்கள் அறியாமையில் கிடப்பவனைச் சிரட்டைக்குக் கீழிருக்கும் தவளை என்பார்கள். நாம் கிணற்றுத் தவளை என்போம். எங்கள் தேரை வாளிக்குக் கீழிருந்தது.

தவளைக்கும் தேரைக்கும் வேறுபாடு கேட்டால், அதுவரை நான் தோலின் சொரசொரப்பை மட்டும்தான் சொல்லியிருப்பேன். ஆசிரியை முதல் பாடமாக வாயைத் திறக்கச் சொன்னார். சந்தைத் தவளையின் மேல்தாடையில் விரலை ஓட்டினால் மிகச் சிறிய பற்கள் அரம்போல உராயும். எங்கள் தேரைக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை, வாய் முழுக்க வழுவழுப்புத்தான். நாக்கு இரண்டிலும் நம்முடையதைப் போலப் பின்புறம் வேரூன்றாமல், வாயின் முன்புறத்தில் ஒட்டி, நுனி தொண்டையை நோக்கி மடிந்து கிடந்தது. கண்ணுக்குப் பின்னால் தேரைக்கு இரண்டு புடைப்புகள் உண்டு. அழுத்தினால் பால்போல் நச்சுநீர் கசியும் என்றும், அந்தக் கையோடு கண்ணைத் தொடக் கூடாது என்றும் எச்சரித்தார். காசில்லாமல் பிடித்துவந்த தேரைக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, தவளைக்காரர்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்த அந்தப் பத்து நிமிடம் பெரிய ஆறுதல்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவளுக்கு உடலின் உறுப்புகள் தமிழில்தான் முதலில் வந்தன. பிறகு இடைநிலைப்பள்ளிக்கு முன் ஓராண்டுப் புகுமுக வகுப்பு, அதன்பின் எல்லாமே மலாய். கல்லீரல் ஹாத்தியாகியது, இதயம் ஜந்தோங்காகியது, மண்ணீரல் லிம்பாவாகியது. மலாயில் ஹாத்தி என்பது கல்லீரல் மட்டுமன்று, மனமும் அதுவே. மனம் புண்பட்டவர் சாக்கிட் ஹாத்தி என்கிறார், அதாவது ஈரல் நோகிறது. இதை நான் விந்தையாக நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் ஆத்தா பயந்தால் என்ன சொல்வார் என்பது நினைவுக்கு வரும்வரை. ‘ஈரக்குலையே நடுங்கிப்போச்சு’ என்பார். பல நூறு முறை கேட்ட சொல். ஈரல், குலை என்று பிரித்துப் பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அறிவியல் கூடத்தில் குளோரோபார்ம் வாடை. மூடிய கண்ணாடிச் சாடிக்குள் தேரை அசைவிழந்தபின், தலைக்கும் முதுகெலும்புக்கும் இடையிலுள்ள சிறு பள்ளத்தில் ஆசிரியை தாமே ஊசியைச் செலுத்தி மூளையின் தொடர்பை அறுத்தார். அந்த வேலையை அவர் எந்த மாணவரிடமும் கொடுக்கவில்லை. மெழுகு உருக்கி ஊற்றிய தட்டில் அதை மல்லாக்கக் கிடத்தி, நான்கு கால்களையும் குண்டூசியால் பொருத்தினோம்; கைக்கு இடைஞ்சல் இல்லாதிருக்க ஊசிகளை வெளிப்புறமாகச் சாய்த்துக் குத்த வேண்டும். உடல் மூழ்கும் அளவுக்குத் தட்டில் நீரும் ஊற்றினோம். நீருக்குள் வைத்து அறுப்பது ஏன் என்று அப்போது புரியவில்லை. காற்றில் ஈரத் துணிபோல் ஒட்டிப் படிந்துவிடும் மெல்லிய சவ்வுகள், நீரில் விரிந்து மிதந்து தம்மைக் காட்டும் என்பதே காரணம்.

தோல் எளிதாகவே வந்தது. இடுக்கியால் வயிற்றுத் தோலைத் தூக்கி ஒரு சிறு வெட்டு, பிறகு தாடைவரை மேல்நோக்கி ஒரே கோடு. உடலோடு இறுக ஒட்டியிராமல், உள்ளே நிணநீர் நிறைந்த இடைவெளிகளோடு, பெரிய அளவில் தைத்த சட்டையைப் போலத் தளர்ந்து கிடக்கும் தோல் அது. அதன் உட்புறத்தில் இரத்த நாளங்கள் கிளைகிளையாக ஓடின. தேரை தோலாலும் மூச்சுவிடுகிறது என்று ஒருவரி படித்திருந்தேன். அந்த ஒருவரிக்கு இத்தனை குழாய்கள் தேவைப்படும் என்று யோசித்ததில்லை.

அடுத்தது தசைச் சுவர். அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கருஞ்சிவப்புக் கோடு தெரியும். அது வயிற்றுச் சிரை. அதைத் தொடாமல் பக்கவாட்டில் ஒதுங்கி வெட்ட வேண்டும், கத்தரிக்கோலின் நுனி எப்போதும் மேல்நோக்கியே இருக்க வேண்டும் என்று ஆசிரியை மூன்று முறை சொல்லியிருந்தார். ‘பெலான்-பெலான்’, மெல்ல மெல்ல, என்று மேசைக்கு மேசை சொல்லிக்கொண்டே நடந்தார். நானோ, நேராக வெட்டினால்தான் அழகாக இருக்கும் என்று எண்ணி, அந்தக் கோட்டின்மேலேயே கத்தரியை வைத்தேன். தட்டு முழுவதும் ஒரே சிவப்பு. தோழி ஒன்றும் சொல்லாமல் நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள்; மூன்று முறை மாற்றியபின்தான் அடி தெரிந்தது. கடைசிவரை எங்கள் தட்டில் லேசான சிவப்பு இருந்துகொண்டேதான் இருந்தது.

உள்ளே நான் எதிர்பார்த்தது பாடநூலின் படத்தை. படத்தில் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியாக, இடைவெளி விட்டு, ஒவ்வொரு நிறத்தில், பெயர்ப்பலகை மாட்டிய கடைகளைப் போல் நிற்கும். தட்டில் இருந்ததோ ஒன்றோடொன்று நெருக்கியடித்த ஒரே திரள். பழுப்புநிறக் கல்லீரலின் மடல்கள் மேலே எல்லாவற்றையும் மூடிக்கிடந்தன. அவற்றை ஒதுக்கினால், இடப்பக்கம் வளைந்த இரைப்பை. இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் இடையே வெளிறிய கணையம். குடலின் சுருள்களைத் தாங்கிப் பிடித்திருந்த கண்ணாடித்தாள் போன்ற சவ்வு. அந்தச் சவ்வுக்குள் செக்கச்சிவந்த குன்றிமணிபோல் மண்ணீரல். மஞ்சள் விரல்களைப்போல் விரிந்த கொழுப்புத் திரள்கள். எதைத் தூக்கினாலும் அதனோடு வேறொன்று சேர்ந்து எழுந்தது. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் முழுச் சீப்புகளும் ஆடும் வாழைக்குலையைப் போல. ஆத்தாவின் சொல் அப்போதுதான் எனக்குப் பிரிந்து கேட்டது. ஈரல், குலை. அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் ஆட்டையோ கோழியையோ தம் கையால் திறந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்தவருக்குக் குலை என்ற சொல் தோன்றியிருக்காது.

அறுப்பது என்ற சொல்லே இந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. கத்தரிக்கோலுக்கு வேலை முதல் பத்து நிமிடம்தான். அதன்பின் இரண்டு மணிநேரம் ஊசியின் மழுங்கிய முனையாலும் இடுக்கியாலும் சவ்வை உறுப்பிலிருந்து விலக்கிக்கொண்டே இருப்பதுதான் வேலை; எதை வெட்டக் கூடாது என்று தெரிந்துகொண்டே போவது. அதில் எனக்கு ஒரே ஓர் இடத்தில் எல்லாரையும்விடத் தேர்ச்சி இருந்தது. கல்லீரலின் மடல்களுக்கு இடையே பச்சைநிறத்தில் தளும்பும் பித்தப்பையை உடைக்காமல் வெளிக்கொண்டு வந்தவர்கள் வகுப்பில் மூன்று பேர்தான். அதில் நான் ஒருத்தி. வாரந்தோறும் அம்மா கோழி சுத்தம் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கை அது. ‘பித்து உடைஞ்சா கறி முழுக்கக் கசந்துபோகும், பார்த்து எடு’ என்று அம்மா சொல்லும்போது, பையைப் பிடிக்காமல் அதை ஒட்டிய ஈரல் துண்டைச் சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும் என்று காட்டித் தந்திருந்தார். தேரையிலும் அப்படியே செய்தேன். ஆசிரியை நின்று பார்த்துவிட்டு, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். அம்மா என்றதும், அம்மா தாதியா என்று கேட்டார். இல்லை, வீட்டில் இருக்கிறார் என்றேன்.

நுரையீரல்தான் ஏமாற்றியது. மார்புக்குள் இரண்டு பெரிய பைகளைத் தேடிய எங்களுக்கு, ஈரலுக்குப் பின்னால் சுருங்கிய இரண்டு சிறு தோல்துண்டுகள் மட்டுமே கிடைத்தன. ஆசிரியை தொண்டையின் அடியிலுள்ள சிறு பிளவுக்குள் சொட்டுக்குழாயின் முனையைச் செருகி, ரப்பர் குமிழை அழுத்தினார்; நச்சுத் தோலுள்ள பிராணி என்பதால் வாயால் ஊத விடவில்லை. அந்தச் சுருக்கங்கள் இரண்டும் ஒளி ஊடுருவும் பலூன்களாக எழுந்தன, சுவர் முழுவதும் தேன்கூட்டைப்போல் சின்னச்சின்ன அறைகள். இரத்தம் சுற்றி வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி 1628இல் நிறுவினாலும், தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661இல், இத்தாலிய மருத்துவர் மால்பீகி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து அந்த மயிரிழைக் குழாய்களைக் கண்டது ஒரு தவளையின் நுரையீரலில்தான். ஆட்டின் நுரையீரலில் தேடியிருந்தால் அவருக்கு அது கிடைத்திருக்குமா என்பது ஐயமே. மெல்லிதாகவும் எளிதாகவும் இருப்பதுதான் தவளையின் பெருமை, அதன் தலைவிதியும் அதுதான்.

இந்தப் பைகளை இழுத்து விரிக்கத் தேரைக்கு விலா எலும்புகள் இல்லை, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் இல்லை. வாயின் அடித்தளத்தைத் தாழ்த்திக் காற்றை மூக்கு வழியே உள்ளே வாங்கி, பிறகு அதே தளத்தை உயர்த்தி நுரையீரலுக்குள் தள்ளுகிறது. நாம் காற்றை இழுக்கிறோம், அது விழுங்குகிறது. மழை நின்ற இரவில் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் தேரையின் தொண்டை படபடவென்று துடிப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். பயத்தில் துடிக்கிறது என்று சிறுவயதில் நான் இரக்கப்பட்டதுண்டு.

இதயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். அதுவரை மெல்லிய உறைக்குள் அது துடித்துக்கொண்டேதான் இருந்தது, வகுப்பில் சிலர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. உறையை விலக்கினால் மேலே இரண்டு அறைகள், கீழே ஒன்று. மேலறைகள் சுருங்கும்போது கீழறை நிரம்பிச் சிவக்கும். கீழறை சுருங்கும்போது அது வெளிறும். நம் வீடுகளில் நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று பேசுவோம். பாடநூலும் கிட்டத்தட்ட அதே தொனியில், தவளைக்குக் கீழறை ஒன்றே என்பதால் இரண்டும் கலந்துவிடுகின்றன, ஆகவே அது தாழ்ந்த அமைப்பு என்று எழுதியிருந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு இப்போதும் உடன்பாடில்லை. அந்த ஒற்றை அறையின் உட்சுவர் கடற்பஞ்சுபோல் இடுக்குகள் நிறைந்தது. இரண்டு வகை இரத்தமும் பெருமளவு தனித்தனியாகவே வெளியேறுகின்றன. அதுவுமல்லாமல், தோலில் காற்று வாங்கித் திரும்பும் இரத்தம் உடலின் மற்ற இரத்தத்தோடு சேர்ந்து வலது மேலறைக்குத்தான் வருகிறது. நீருக்குள் மூழ்கி, நுரையீரல் சும்மா இருக்கும் நேரத்தில், நல்லது வருவது கெட்டதன் பக்கத்திலிருந்துதான். அப்படி வாழும் பிராணிக்கு நடுச்சுவர் எழுப்பிக் கொடுத்தால் அது உதவியாகாது.

பிறகு ஆசிரியை இதயத்தை வெட்டியெடுத்து, குழிந்த சிறு கண்ணாடித் தட்டில் உப்புநீர் விட்டு அதில் இட்டார். மூளையில்லை, நரம்பில்லை, உடலே இல்லை, அது துடித்தது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடம் இதயத்தின் பின்புறத்திலேயே, உடலின் சிரைகள் வந்து கூடும் மெல்லிய பையில் இருக்கிறது. நாங்கள் எண்ணினோம், நிமிடத்துக்கு நாற்பதுக்கு மேல். குளிர்ந்த உப்புநீரைச் சொட்டினால் துடிப்பு தளர்ந்தது. வெதுவெதுப்பானதைச் சொட்டினால் ஓடியது. அந்த நீரில் உப்பு ஏறக்குறைய 0.65 விழுக்காடு, மனிதருக்கு ஏற்றுவதில் 0.9. வெறும் உப்பு மட்டும் இருந்தால் அது நெடுநேரம் தாங்காது என்றும் சொன்னார். 1880களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளை இதயங்களை உப்புநீரில் துடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்நீரைக் கலந்த கரைசலில் மட்டும் அவை நெடுநேரம் துடிப்பதைக் கண்டுபிடித்தார். குழாய்நீரில் இருந்த சுண்ணாம்புச் சத்தே காரணம். பல ஆண்டுகள் கழித்து, அம்மா மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது, தலைக்குமேல் தொங்கிய பையில் ரிங்கர்ஸ் லாக்டேட் என்று எழுதியிருந்ததை இரவு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கைக்குள் சொட்டுச்சொட்டாக இறங்கியது, பின்னாளில் லாக்டேட் சேர்த்துத் திருத்தப்பட்ட அந்தத் தவளை நீர்தான்.

இரைப்பையைத் திறந்தது நாங்களாகவே, ஆசிரியை வேறு மேசைக்குப் போன இடைவெளியில். உள்ளே எறும்புத் தலைகளும், நசுங்கிய வண்டோடுகளும், ஒரு பிடி ஈசலும். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் என்பார்கள். எங்கள் தேரைக்கு அவன் விளக்குக் கம்பத்தின் அடியில் தாராளமாகவே அளந்திருந்தான்.

இனப்பெருக்க உறுப்புகளில் பெரிய வாக்குவாதம் வந்தது. முதுகுப்புறச் சுவரையொட்டி நீண்ட கருஞ்சிவப்புச் சிறுநீரகங்கள், அவற்றின்மேல் வெளிறிய மஞ்சள் விரைகள். ஆகவே ஆண். ஆனால் விரையின் முன்முனையில், மணல்மணலாக, முதிராத முட்டைகளைப்போல் ஒரு சிறு உருண்டை ஒட்டியிருந்தது. தோழி பெண் என்றாள், நான் ஆண் என்றேன். சந்தைத் தவளையை வைத்திருந்தவர்கள், உங்கள் தேரைக்கு வியாதி என்றார்கள். ஆசிரியை வந்து குனிந்து பார்த்துச் சிரித்தார். அது பிடர் உறுப்பு. அதை விவரித்த 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளரின் பெயரால் வழங்குவது. தேரைக் குடும்பத்து ஆண்களிடம் காணப்படும், வளராமல் நின்றுபோன சூலகம் அது. விரைகளை நீக்கிவிட்டால் காலப்போக்கில் அது உண்மையான சூலகமாகவே வளர்ந்துவிடும் என்பது சோதனைகளில் காட்டப்பட்டிருக்கிறது. விலைகொடுத்து வாங்கிய தவளைகள் எதிலும் அது இல்லை. எங்கள் பாடநூலின் படத்திலும் இல்லை, ஏனென்றால் படம் தவளையுடையது.

வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தபின்தான் ஆத்தா உள்ளே விட்டார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ‘பித்து உடையாம எடுத்தியாம்மா?’

எல்லாப் பிள்ளைகளும் தேரையை அறுத்தாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அன்று எங்கள் வகுப்பில் பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அவற்றில் பாதி, வெட்டத் தெரியாத கைகளில் ஒன்றையும் காட்டாமலேயே குழம்பிக் குப்பைக்குப் போயின. என் முதல் வெட்டையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியல் படிப்புகளில் இதை நிறுத்தச் சொன்னபோது எனக்கு வருத்தம் வரவில்லை. தெரிந்த கை ஒன்று திறந்துகாட்ட, முப்பது பேர் சுற்றி நின்று பார்த்தால் ஒரு தேரை போதும். ஆனால் திரையில் விரலால் சுழற்றிப் பார்க்கும் தவளையில் உறுப்புகள் கேட்டவுடன் தனித்தனியாகப் பறந்து வருகின்றன, எதுவும் எதையும் பிடித்து இழுப்பதில்லை. அது பழைய பாடநூல் படம்தான், கொஞ்சம் அசைகிறது.

நான்காம் படிவத்தில் படிக்கும் அக்காள் மகள் அப்படியொரு தவளையைக் கைப்பேசியில் காட்டி, எல்லா உறுப்பும் தெரியும் சின்னம்மா என்றாள். அடுத்த ஞாயிறு சந்தையில் கோழிக்காரரிடம் உள்ளே எதையும் எடுக்காமல் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவந்தேன். அவர் இரண்டு முறை உறுதிசெய்துகொண்டார். கழுவுதொட்டியருகே அவளை நிறுத்தி, கையை உள்ளே விட்டு மெல்ல மொத்தமாக வெளியே இழுக்கச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே இழுத்தாள், எல்லாம் சேர்ந்து வந்தது. பித்தப்பையை அவள் உடைத்துவிட்டாள். அந்த ஈரலை எறிய வேண்டியதாயிற்று, கறியைத் தண்ணீரில் அலசிக் காப்பாற்றினோம். பிறகு முதுகெலும்பின் இருபுறமும் விலாக்களுக்குள் அழுந்தி ஒட்டியிருந்த இளஞ்சிவப்பு நுரையீரலைக் கரண்டிக் காம்பால் சுரண்டியெடுக்கக் காட்டிக்கொடுத்தேன். பாதி சுரண்டிவிட்டு நிமிர்ந்து கேட்டாள்.

“தவளைக்குத்தான் விலா எலும்பே கிடையாதுன்னு சொன்னீங்களே சின்னம்மா, அப்ப அதுக்கு இது எதுல ஒட்டியிருக்கும்?”

கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, காகிதமும் பென்சிலும் தேடப் போனேன்.